கார்ட்ரிட்ஜா, பல்க் டேங்கா? கொழும்பு பிரிண்டிங் கடைக்கு எந்த மை முறை பொருந்தும்

ஈகோ சொல்வன்ட் (கரைப்பான் சார்ந்த மையில் ஓடும்) பிரிண்டருக்கு மை வாங்குவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது லீற்றர் விலை. அந்த ஓர் எண்ணை வைத்து முறையைத் தெரிவு செய்தால் கணக்குப் பிழைக்கும். இந்த மெஷின்களில் விலை கூடிய பாகம், மையைத் துளித்துளியாகத் தள்ளும் ஹெட். அதற்கு ஆபத்து வருவது பெரும்பாலும் மை ஓட்டம் இடையில் அறுந்துபோவதால்தான். டேங்க் காலியாகிக் குழாயில் காற்றுப் புகும். கரண்ட் போய் ஹெட் மூடப்படாமல் கிடக்கும். ஒரே நிறத்தில் இரண்டு கம்பனி மை கலந்து கட்டிபடும். ஆகவே உங்கள் கடையில், உங்களிடம் உள்ள ஆட்களோடு, எந்த முறையில் மை அறுபடாமல் ஓடும் என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். விலைக் கணக்கு அதற்கு அடுத்தது.

கார்ட்ரிட்ஜா, பல்க் டேங்கா என்ற தெரிவு எல்லா மெஷினுக்கும் கிடையாது. கொனிகா 512i ஹெட் போட்ட பெரிய ஃபிளெக்ஸ் மெஷின்கள் ஆரம்பத்திலிருந்தே பல்க் முறையில்தான் வருகின்றன. 5 லீற்றர் கேனிலிருந்து பம்ப் மையை ஹெட்டுக்கு முன்னாலுள்ள சிறிய சப் டேங்குக்கு இழுக்கும், மிதவை சென்சர் அதை நிறுத்தும். அங்கே கவனிக்க வேண்டியது முக்கியமாக அந்த மிதவைதான். அது சிக்கினால் சப் டேங்க் நிரம்பி வழிந்து, மை சொட்டாமல் உள்ளிழுத்துப் பிடிக்கும் நெகட்டிவ் பிரஷர் குழாய் வழியே மை வெக்யூம் பம்ப் வரை ஏறிவிடும். எச்.பி. லேட்டக்ஸ் இதற்கு நேர்மாறு. தண்ணீர் சார்ந்த மை, வெப்பத்தால் துளி தள்ளும் ஹெட், சிப் பொருத்திய கார்ட்ரிட்ஜ். ஹெட்டையே கடைக்காரர் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். அதில் வெளிக் கம்பனி மையைப் பரிசோதிப்பதால் வரும் இலாபம் தலைவலிக்கு ஈடாகாது. எனவே இங்கே பேசுவது ரோலண்ட், மிமாகி, எப்சன் மெஷின்களையும், டி.எக்ஸ்.5 அல்லது i3200 ஹெட் போட்டு வரும் சீன மெஷின்களையும் பற்றி. ஸ்டிக்கர், வன்விஷன் (கண்ணாடியில் ஒட்டும் துளையிட்ட ஸ்டிக்கர்), வாகன ரேப், உள்ளரங்கப் பனர் எல்லாம் ஓடுவது இவற்றில்தான்.

முதலில் உங்கள் செலவைக் கண்டுபிடியுங்கள்

கொழும்பில் வேலை பேசுவது சதுர அடியில் என்பதால் கணக்கையும் அதிலேயே வைப்போம். முழு நிற ஈகோ சொல்வன்ட் வேலைக்கு ஒரு சதுர மீற்றருக்கு 8 முதல் 12 மி.லீ. மை போகும். ஒரு சதுர மீற்றர் 10.76 சதுர அடி. ஆகவே சதுர அடிக்கு ஏறத்தாழ 1 மி.லீ. என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 3,000 சதுர அடி அடிக்கும் கடைக்கு 3 லீற்றர். அதன்மேல் கிளீனிங்குக்குப் போவதைச் சேர்க்க வேண்டும். தினமும் ஓடும் மெஷினில் அது பத்தில் ஒரு பங்கு அளவில் நிற்கும். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஓடும் மெஷினிலோ கிளீனிங்குக்குப் போகும் மை அச்சுக்குப் போனதையே எட்டிவிடும்.

மெஷின் திரையில் காட்டும் மை அளவை நம்பி இந்தக் கணக்கைப் போட வேண்டாம். சிப் எண்ணுவது ஹெட் எய்த துளிகளை. கார்ட்ரிட்ஜுக்குள் உண்மையில் எவ்வளவு மை இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. டேங்க் முறைக்கு மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சமையலறைத் தராசு ஒன்று போதும். மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு நிறத்தின் போத்தலையும் நிறுத்து எழுதுங்கள். ஈகோ சொல்வன்ட் மையில் ஒரு கிராமை ஒரு மி.லீ. என்று எடுத்தால் பிழை சிறியதுதான்.

நிறவாரியாக எழுதுவது முக்கியம். இங்கே நான்கு நிறமும் சமமாகப் போவதில்லை. செட்டியார் தெரு நகைக்கடைப் பலகைகளின் பொன்னிறம், கோயில் திருவிழாப் பனர்களின் மஞ்சளும் சிவப்பும், வெசாக் காலத்துச் செம்மஞ்சள் எல்லாமே மஞ்சளையும் மெஜென்டாவையும் தின்பவை. நான்கு நிறத்தையும் சம அளவில் ஓடர் செய்யும் கடையில் சயான் காலாவதியாகக் கிடக்க, மஞ்சள் தீர்ந்து வேலை நிற்கும்.

நான்கு வழிகள்

ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ். 220 அல்லது 440 மி.லீ. அளவில் வருவது வழமை. சில எப்சன் மெஷின்களுக்கு 700 மி.லீ. மூடிய பை, உள்ளே காற்று இல்லை, மாற்ற ஒரு நிமிடம், புதிதாக வந்த பையனும் செய்யலாம். நிற ப்ரொஃபைல் (கணினி நிறத்தை மை அளவாக மாற்றும் கோப்பு) மெஷினோடு வருவதே பொருந்தும், ஹெட்டின் உத்தரவாதமும் பாதிக்கப்படாது. குறைகள் இரண்டு. முதலாவது லீற்றர் விலை. கொட்டேஷன் வாங்கும்போது 220 மி.லீ. விலையை 4.55 ஆலும், 440 மி.லீ. விலையை 2.27 ஆலும், 700 மி.லீ. விலையை 1.43 ஆலும் பெருக்கி லீற்றர் விலைக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். இரண்டாவது, முடங்கும் பணம். நான்கு நிறத்தை இரட்டிப்பாகப் போடும் எட்டு இட மெஷினில் 440 மி.லீ. கார்ட்ரிட்ஜ்கள் மட்டுமே 3.5 லீற்றர் மையைப் பிடித்து வைக்கும். அதன்மேல் இருப்புக்கும் ஒரு செட் வேண்டும்.

தயாரிப்பாளரே தரும் பெரிய பொதி. மிமாகிக்கு 2 லீற்றர் பைகள், சில எப்சன் மெஷின்களுக்கு 1.5 லீற்றர் பொதிகள், ரோலண்டின் ட்ரூவிஸ் வரிசைக்கு 500 மி.லீ. பைகள் இருக்கின்றன. மூடிய முறையின் பாதுகாப்பு அப்படியே இருக்க, லீற்றர் விலை இறங்கும். உங்கள் மெஷின் இதை ஏற்குமா என்பதை மொடல் எண்ணைச் சொல்லி ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். ஒரே கம்பனியின் எல்லா மெஷினும் ஏற்காது. சிலவற்றுக்குத் தனி அடப்டர் தட்டு வேண்டும். சில மிமாகி மெஷின்களில் ஒரு நிறத்துக்கு இரண்டு கார்ட்ரிட்ஜ் போட்டு, ஒன்று தீர்ந்ததும் மற்றதுக்குத் தானாக மாறும் வசதியும் உண்டு. இரவில் நீளமான ரோலைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் கடைக்கு அது பெரிய உதவி. நமது நகரத்தில் பலர் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும் வழி இதுதான். மெஷின் ஏற்குமானால் முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே.

வெளிக் கம்பனி மை நிரப்பி, சிப்போடு வரும் கார்ட்ரிட்ஜ் அல்லது பை. வசதி ஒரிஜினலைப் போன்றது, விலை குறைவு. பலவீனம், தொகுதிக்குத் தொகுதி நிறம் மாறுவது. பல கிளைகள் உள்ள கடைக்குப் போன மாதம் அடித்த பலகையின் சிவப்பு இந்த மாதம் பொருந்தாது. மெஷின் மென்பொருளைப் புதுப்பித்ததும் சிப்பை ஏற்க மறுப்பதும் நடக்கும். இந்த வழியில் போகிறவர்கள் வேலை சரியாக ஓடும்போது மென்பொருளைப் புதுப்பிக்காமல் இருப்பது நல்லது.

திறந்த பல்க் டேங்க். மறுபடி நிரப்பும் கார்ட்ரிட்ஜ், அதன்மேல் 1 அல்லது 2 லீற்றர் டேங்க், லீற்றர் போத்தலில் வரும் வெளி மை. லீற்றர் விலை மிகக் குறைவது இங்கேதான். கெட்டுப்போகக்கூடிய இடங்களும் இங்கேதான் அதிகம் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

டேங்கில் வரும் பிழைகள்

ஹெட்டின் நோசில் (மை வெளிவரும் நுண்துளை) தகட்டில் எப்போதும் மெல்லிய உள்ளிழுப்பு இருக்க வேண்டும். வால்வ் உள்ள டாம்பர் (ஹெட்டுக்குச் சற்று முன் மையைத் தாங்கும் சிறு அறை) இல்லாத மெஷினில் டேங்கின் மை மட்டம் அந்தத் தகட்டைவிட உயர்ந்தால் மை தானாகச் சொட்டும், பக்கத்து நிறத்தோடு கலக்கும். மிகத் தாழ்ந்தாலோ வேகமாக அடிக்கும்போது மை போதாது. கிட்டோடு வரும் தாங்கியின் உயரத்தை மாற்றாமல் வைப்பது பாதுகாப்பு. இடமில்லை என்று டேங்கை மேல் தட்டில் ஏற்றிவைக்க வேண்டாம்.

டேங்க் மூடியில் காற்றுத் துளை இருக்கும். போக்குவரத்துக்காக அதை அடைத்து அனுப்புவார்கள். அதைத் திறக்க மறந்தால் நோசில் செக் (எல்லா நோசிலும் மை தருகிறதா என்று பார்க்கும் சோதனைக் கோடுகள்) அழகாக வரும். வேலை தொடங்கி ஒரு மீற்றர் போனதும் அந்த நிறம் மெலியும். சற்று நிறுத்தி வைத்தால் மறுபடி வரும். இந்த அறிகுறியைக் கண்டதும் கிளீனிங் கொடுத்து மையை வீணாக்காமல் முதலில் காற்றுத் துளையையும், பிறகு குழாய் மடிந்திருக்கிறதா என்பதையும், கடைசியில் டாம்பர் ஃபில்டரையும் பாருங்கள். ஒவ்வொரு செக்கிலும் வெவ்வேறு நோசில் காணாமல் போனால் குழாயில் காற்று. எப்போதும் அதே நோசில் என்றால் அடைப்பு. ஒரு நிறக் கோட்டில் இன்னொரு நிறம் தெரிந்தால் கேப் (ஹெட்டை மூடும் மூடி), வைப்பர் (அதைத் துடைக்கும் ரப்பர்) பக்கம் பாருங்கள். இந்த நான்கையும் பிரித்தறியாமல் எல்லாவற்றுக்கும் பலமான கிளீனிங் கொடுக்கிற கடையில் மைச் செலவு குறையவே குறையாது.

காற்றுப் புகுந்தால் என்ன இழப்பு என்பதையும் கணக்கிடலாம். 3 மி.மீ. உள்விட்டக் குழாய் ஒரு மீற்றருக்கு 7 மி.லீ. பிடிக்கும். ஐந்து மீற்றர் ஓடும் குழாயில் 35 மி.லீ.; எட்டுக் குழாய்க்கு 280 மி.லீ. காற்றை வெளியேற்றி மறுபடி நிரப்ப இதைவிடக் கூடுதலாகவே போகும். சிப் 'நிறைந்திருக்கிறது' என்று காட்டிக்கொண்டிருக்க டேங்க் காலியாவதே இதற்கு வழமையான காரணம். அதனால் திறந்த டேங்க் வைத்த கடையில் காலையில் மெஷினைத் தொடுமுன் மட்டத்தைப் பார்ப்பது ஒரு குறிப்பிட்ட ஆளின் பொறுப்பாக இருக்க வேண்டும். டேங்கின் வெளிப்புறம் கால் பங்கில் கோடு கீறி, அதற்குக் கீழ் இறங்கவிடாமல் நிரப்புங்கள்.

நிரப்பும் முறை சிறியது, ஆனால் தவறக்கூடாது. நான்கு நிறத்துக்கு நான்கு புனல், நிறப் பட்டி ஒட்டியவை. போத்தலை நிரப்புவதற்குச் சற்று முன் குலுக்கக்கூடாது. நுரை குழாய்க்குள் போகும். முதல் நாள் மாலை மெதுவாகப் புரட்டி வைத்து, மறுநாள் காலை ஊற்றலாம். மூடியின் அடியில் காய்ந்த மைத்துகள் இருந்தால் துடைத்துவிட்டுத் திறவுங்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள். நிறம் மாறி ஊற்றிவிட்டால் உடனே மெஷினை நிறுத்தி, அந்த டேங்கையும் கார்ட்ரிட்ஜையும் காலி செய்து கழுவுங்கள். ஒரு வரி கூட அடிக்காமல் நிறுத்தினால் பிழை குழாய்க்குப் போகுமுன் முடிந்துவிடும்.

வெள்ளை மையை இந்த டேங்கில் ஊற்ற வேண்டாம். அதிலுள்ள டைட்டேனியம் டையொக்சைட் கனமானது, அடியில் படியும். கலக்கும் அல்லது சுழற்றும் வசதி இல்லாத இடத்தில் அது குழாயையே அடைத்துவிடும். வெள்ளைக்குக் கார்ட்ரிட்ஜ்தான், அதுவும் தினமும் எடுத்து அசைக்க வேண்டும்.

கரண்டும் காலநிலையும்

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் ஒரேயடியாகக் கரண்ட் போனது. அச்சடிக்கும் நடுவில் அப்படிப் போனால் ஹெட் வினைலுக்கு மேல் திறந்தபடி நிற்கும். ஹெட்டைக் கையால் தள்ளும்போது கேப் தானாக ஏறி மூடும் மெஷின்களில் உடனே தள்ளிவிட வேண்டும். மோட்டரால் கேப் ஏறும் மெஷினில் கையால் செய்ய வழியில்லை, யூ.பி.எஸ். அவசியம். அந்த யூ.பி.எஸ். வேலையை முடிக்க வேண்டியதில்லை, ஹெட் திரும்பிப் போய் மூடிக்கொள்ளும் சில நிமிடம் தாங்கினால் போதும். ஹீட்டருக்குத் தனிக் கேபிள் உள்ள மெஷினில் அதை யூ.பி.எஸ்ஸில் கொடுக்காதீர்கள். மின்சாரத்தை அதிகம் இழுப்பது அதுதான்.

ஹெட் மூடப்படாமல் கிடக்கும் விடயத்தில் எந்த மை முறையும் மற்றதைவிடப் பாதுகாப்பானதல்ல. ஆனால் உயரம் சரியில்லாத திறந்த டேங்க், கரண்ட் இல்லாத இரவில் சொட்டிக்கொண்டே இருக்கும். மூடிய கார்ட்ரிட்ஜில் அந்தப் பயம் குறைவு. சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் பையன்மார் ஊருக்குப் போய்க் கடை ஒரு வாரம் பூட்டிக் கிடக்கும் இடங்களில் இதைக் கணக்கில் எடுங்கள். தானாகக் கிளீனிங் செய்யும் மெஷினைப் பிரதான சுவிட்சில் அணைக்காமல் ஸ்டாண்ட்பையில் விட வேண்டும்.

மை வைக்கும் அறையும் கவனம் வேண்டியது. பெரும்பாலான மைகள் 30 அல்லது 35 பாகை செல்சியசைத் தாண்டாமல் வைக்கச் சொல்லப்படுபவை. தகரக் கூரைக்குக் கீழ் மேல்மாடியில் வைத்த பெட்டி பங்குனி, சித்திரையில் அதைத் தாண்டிவிடும். மெஷின் அறையின் ஏ.சி.க்குள்ளேயே ஒரு அலுமாரி ஒதுக்குங்கள்.

வெளி மைக்கு மாறுமுன்

'அப்படியே ஊற்றலாம், பொருந்தும்' என்ற வாய் வார்த்தை போதாது. சிறிய கண்ணாடிக் குப்பியில் பழைய மையும் புதிய மையும் சம அளவு கலந்து மூடி, இரண்டு நாள் வையுங்கள். பிறகு சரித்துப் பாருங்கள். சுவரில் மணல்போல் துகள், ஜெல்லி, அடியில் படிவு எது தெரிந்தாலும் அந்த மையைப் பழைய மைக்கு மேல் ஊற்றக்கூடாது. குழாயையும் டாம்பரையும் கிளீனிங் லிக்விடால் முழுதாகக் கழுவிய பிறகே போட வேண்டும். மேலே சொன்ன 280 மி.லீ. கணக்கில், இரண்டு மூன்று மடங்கு லிக்விட் தேவைப்படும். நான்கு நிறத்துக்கும் தனித்தனியே சோதியுங்கள். சயான் நன்றாக இருக்கக் கறுப்பு கட்டிபடுவதுண்டு.

நிற ப்ரொஃபைலைப் புதிதாக எடுக்கவும் வேண்டும். அதைச் செய்யாமல் பழைய ப்ரொஃபைலோடு அடித்தால் சாம்பல் நிறம் பச்சையாகவோ சிவப்பாகவோ சாயும். அதைச் சரிப்படுத்தக் கணினியில் நிறத்தைக் கூட்டிக் கூட்டி, மிச்சம் பிடித்த மை வினைலிலேயே போய்விடும்.

இனி மிச்சத்தைக் கணக்கிடலாம். ஹெட் மாற்றும் செலவை, அதாவது ஹெட், கூலி, மெஷின் நின்ற நாட்களின் வேலை எல்லாம் சேர்த்து, லீற்றருக்கு மிச்சமாகும் தொகையால் வகுங்கள். உதாரணத்துக்கு, ஹெட் மாற்ற 5 இலட்சம் ரூபா, லீற்றருக்கு 12,000 ரூபா மிச்சம் என்று வைத்தால் 42 லீற்றர் வரும். மாதம் 3.5 லீற்றர் ஓடும் கடைக்கு அது ஒரு வருடம். வெளி மையால் ஒரு வருடத்துக்குள் ஒரு ஹெட் போனால் இலாபம் பூச்சியம். மாதம் 1 லீற்றர் ஓடும் கடைக்கு அதே கணக்கு மூன்றரை வருடம். உங்கள் கொட்டேஷன் எண்களைப் போட்டுப் பாருங்கள், பல சிறிய கடைகளுக்கு இந்த ஒரு வகுத்தலே பதில் சொல்லிவிடும்.

யாருக்கு எது

மாதம் 1,000 சதுர அடிக்குக் குறைவாக அடிக்கும், ஆனால் நிறத்துக்குப் பெயர் எடுத்த கடை ஒரிஜினல் கார்ட்ரிட்ஜை விடக்கூடாது. அந்த அளவுக்கு டேங்க் போட்டால் திறந்த மை பல மாதம் கிடந்து பழுதாகும்.

1,000 முதல் 3,000 வரை ஓடும் கடைக்கு, மெஷின் ஏற்குமானால், தயாரிப்பாளரின் பெரிய பொதி. ஏற்காவிட்டால், ஒரே வெளிக் கம்பனியின் மூடிய பையை ஒரே தொகுதி எண்ணில் மூன்று மாதத்துக்கு எடுக்க முடிந்தால் அதை எடுக்கலாம். மெஷினின் உத்தரவாதக் காலம் முடியும் வரை அதற்கு மாறாமல் காத்திருங்கள்.

3,000க்கு மேல், தினமும் ஓடும், ஹெட்டைக் கழற்றத் தெரிந்த ஒருவர் கடையிலேயே இருக்கும் இடத்துக்குத் திறந்த டேங்க் நல்ல தெரிவு. அந்த ஆள் இல்லாவிட்டால் 5,000 சதுர அடி ஓடினாலும் மூடிய முறையிலேயே இருங்கள். இரண்டு மெஷின் உள்ளவர்கள் ஒன்றை ஒரிஜினலில் வைத்து வாகன ரேப், பல கிளைகள் உள்ள கடைகளின் பலகைகளுக்கும், மற்றதை டேங்கில் வைத்து ஒரு மாதத்தில் கழற்றும் பனர்களுக்கும் ஓட்டலாம். மை போத்தல்களை மட்டும் வேறு வேறு அலுமாரியில் வையுங்கள்.

இருப்பு விடயத்தில் இரு பக்கமும் ஆபத்து உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. அன்று கையில் மை வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். அதற்காக ஒரு வருட மையை வாங்கி அடுக்கினால் திகதி கடந்துவிடும். சில மெஷின்கள் சிப்பிலுள்ள காலாவதித் திகதியை வாசித்து, அது கடந்து சில வாரங்களில் அந்தக் கார்ட்ரிட்ஜையே ஏற்க மறுக்கும். ஆறு முதல் எட்டு வாரச் செலவு, மஞ்சளும் மெஜென்டாவும் சற்றுக் கூடுதலாக, என்பது நியாயமான அளவு. வாங்கும்போது பெட்டியின் திகதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக மீதமிருந்தால் விலை குறைத்துத் தந்தாலும் ஒரு மாதத் தேவைக்கு மேல் எடுக்க வேண்டாம்.

முறையை மாற்றத் தீர்மானித்தால் வெசாக்குக்கோ தேர்தலுக்கோ முன்னால் மாற்றாதீர்கள். வேலை குறைந்த வாரம் ஒன்றைப் பிடித்து, டாம்பர், கேப், வைப்பர் மூன்றையும் அதே நாளில் புதிதாகப் போடுங்கள். பழைய டாம்பரில் தேங்கிய மை புதியதோடு கலந்தால் குப்பிச் சோதனைக்கு அர்த்தமில்லாமல் போகும். கழுவிய மையையும் லிக்விடையும் காணுக்குள் ஊற்றாமல் மூடிய கேனில் சேர்த்து, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உள்ள கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். மாற்றிய பின் முதல் வாரம் தினமும் காலையும் மாலையும் நோசில் செக் தாளைத் திகதி எழுதி வைத்து, வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே நோசில் இரண்டு நாளுக்கு மேல் காணாவிட்டால் பெரிய வேலை எதையும் ஏற்றுக்கொள்ளுமுன் அந்த டாம்பரைத் திறந்து பார்க்க வேண்டும்.